கடல் கடந்த வீட்டில் முதல் கவளம்

குழந்தை வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கு, வெவ்வேறு நாடுகளிலிருந்து எழுதப்பட்டவை. நான்கும் குழந்தைக்கு முதன்முதலாகத் திட உணவு கொடுப்பதைப் பற்றியவை. அதனால் இம்முறை பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறோம். மகனுக்கு ஐந்தரை மாதம் ஆகிறது. திருநெல்வேலியில் இருக்கும் என் மாமியார், ஐந்தாம் மாதத்திலேயே கஞ்சித் தெளிவும் பருப்புத் தண்ணீரும் தொடங்கியிருக்க வேண்டும் என்று தினமும் வீடியோ அழைப்பில் சொல்கிறார். இங்கே எங்களைப் பார்க்க வரும் ஹெல்த் விசிட்டர் எனப்படும் சுகாதாரச் செவிலியரோ, ஆறு மாதம் வரை பால் மட்டும் போதும், பிறகு வேகவைத்த பிராக்கோலியையும் கேரட்டையும் கையில் கொடுத்துவிடுங்கள் என்கிறார். இரவில் மகன் அடிக்கடி எழுவது பசியாலோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் பயத்தைப் பார்ப்போம். இந்த வயதில் குழந்தை இரவில் எழுவதும், கையை வாயில் வைத்துச் சப்புவதும், சில நாள்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பால் கேட்பதும் இயல்பானவை. அவற்றைத் திட உணவு கேட்பதன் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றே பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை பெற்றோருக்குச் சொல்கிறது. பார்க்க வேண்டியவை வேறு. உட்கார வைத்தால் தலை சாயாமல் நேராக நிற்க வேண்டும். எதிரே இருக்கும் உணவைப் பார்த்து, கையால் பற்றி, தானே வாய்க்குக் கொண்டுபோக முயல வேண்டும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் உள்ளே இழுத்து விழுங்க வேண்டும். இவை மூன்றும் சேர்ந்து தெரிவது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்தை ஒட்டித்தான். ஆகவே இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருப்பதால் உங்கள் மகனுக்கு எந்தக் குறையும் வராது.

உங்கள் மாமியாரும் தவறாகச் சொல்லவில்லை. 2001-ஆம் ஆண்டு வரை உலக சுகாதார நிறுவனமே நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கலாம் என்றுதான் சொல்லிவந்தது. அவர் பிள்ளைகளை வளர்த்த காலத்தில் அதுவே மருத்துவர்களின் வாக்கு. இதை அவரிடம் சொன்னால், தன் அனுபவத்தை நீங்கள் ஒதுக்கவில்லை என்பது அவருக்குப் புரியும்.

கஞ்சித் தெளிவையும் பருப்புத் தண்ணீரையும் மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர்தான் கொள்ளும். அந்தச் சிறிய இடத்தைத் தெளிந்த நீரால் நிரப்பினால், தாய்ப்பாலுக்கு இருந்த இடமும் போய்விடும், உணவும் உள்ளே போயிருக்காது. பருப்பின் சத்து அடியில் தங்கிய பருப்பில் இருக்கிறது. மேலே நிற்கும் நீரில் மணம்தான் மிகுதி. கரண்டியில் எடுத்துச் சற்றே சாய்த்தாலும் உடனே வழிந்துவிடாத பதத்தில் முதல் நாளிலிருந்தே கொடுங்கள்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதுவதைச் சொல்கிறேன். நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயின் வயிற்றிலிருந்து இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் குறையத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உடலில் சேரும் என்றாலும் அளவில் மிகச் சொற்பம். ஏழு முதல் பன்னிரண்டு மாதம் வரையிலான குழந்தைக்கு ஒரு நாளைக்கு 7.8 மில்லிகிராம் இரும்பு தேவை என்று பிரிட்டனும், 11 மில்லிகிராம் தேவை என்று கனடாவும் அமெரிக்காவும் கணக்கிடுகின்றன. நம் வழக்கமான முதல் உணவான பச்சரிசியில், சமைக்காத 100 கிராமில், ஒரு மில்லிகிராம்கூட இல்லை. துவரம் பருப்பிலும் பாசிப்பருப்பிலும் அதே 100 கிராமுக்கு ஏறத்தாழ 4 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் ஆறு மாதக் குழந்தை ஒரு நாளில் எவ்வளவு பருப்பு உண்ணப்போகிறது? பத்து கிராம் உண்டால் அதிகம். ஆகவே, பால் மட்டும் போதாது என்ற கட்டத்தில் திட உணவுக்கு உள்ள முதல் வேலை வயிற்றை நிரப்புவது அல்ல, இரும்பைக் கொண்டு சேர்ப்பது.

இதை நான் சொந்த வீட்டில் கற்றேன். என் மூத்த மகள் பிறந்தபோது நாங்களும் வெளிநாட்டில்தான் இருந்தோம். மென்மையானது, எளிதில் செரிப்பது என்று நம்பி, ஏழாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை அரிசிக் கஞ்சியும் ஆப்பிள் கூழும் மட்டுமே கொடுத்தேன். எடை நன்றாகவே ஏறியது. முகம் வெளுத்திருக்கிறதே என்று ஒருவர் கேட்ட பிறகு இரத்தப் பரிசோதனை செய்தோம், ஹீமோகுளோபின் குறைந்திருந்தது. சில மாதம் இரும்புச் சொட்டு மருந்து கொடுத்த பிறகே சரியானது. உணவைப் பற்றிப் படித்திருந்த நானே இதைக் கவனிக்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

உங்கள் மகனுக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாசிப்பருப்பையும் அரிசியையும் சம அளவாக எடுத்து, குழைய வேகவைத்து, கையால் அல்லது மத்தால் மசித்து, அரைத் தேக்கரண்டி நெய் விட்டு, அதனுடன் வேகவைத்து மசித்த தக்காளியோ கொஞ்சம் ஆரஞ்சுச் சாறோ சேருங்கள். வைட்டமின் சி உடன் இருந்தால் பருப்பின் இரும்பு கூடுதலாக உடலில் சேரும். அசைவம் உண்ணும் குடும்பமானால், நன்றாக வெந்த கோழி அல்லது ஆட்டிறைச்சியை நாரில்லாமல் அரைத்து, இதே பருப்புச் சாதத்தில் ஒரு கரண்டி கலந்து முதல் வாரத்திலேயே கொடுக்கலாம். இறைச்சியின் இரும்பு தாவர உணவின் இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு எளிதாகச் சேர்கிறது. ஈரல் கொடுக்கும் வழக்கம் இருந்தால் வாரத்துக்கு ஒரு முறையோடு நிறுத்துங்கள். அதில் வைட்டமின் ஏ மிகுதி. முதலில் இரண்டு மூன்று கரண்டி போதும். எட்டாம் மாதத்துக்குள் ஒரு வேளைக்கு அரைக் கோப்பை என்ற அளவுக்கு வந்தால் நல்லது.

அரிசியைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. நெற்பயிர் நீரிலும் மண்ணிலும் உள்ள ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருளை மற்றத் தானியங்களைவிட மிகுதியாக உறிஞ்சுகிறது. குழந்தை உணவுக்கான அரிசியில் அதன் அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் தனி வரம்பு வைத்திருக்கிறது. இதற்காக அரிசியை விலக்க வேண்டியதில்லை. ஓட்ஸ், கேழ்வரகு, கோதுமை ரவை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். நிறைய நீரில் வேகவைத்து வடிக்கும் நம் பழைய முறையில் ஆர்செனிக் கணிசமாகக் குறையும். ஆனால் அது போய்ச் சேர்வது வடித்த கஞ்சியில். அந்த வடிகஞ்சியைக் குழந்தைக்குக் கொடுக்காமலிருக்க இதுவும் ஒரு காரணம்.

பிராக்கோலியைக் கையில் கொடுக்கும் முறைக்கு நான் எதிரி அல்லேன். விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு வெந்த காயைக் குழந்தை தானே பிடித்து உண்பது நல்ல பயிற்சி. நியூசிலாந்தின் ஒட்டகோ பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில், தானே எடுத்து உண்ணும் குழந்தைகளுக்கு, கரண்டியில் ஊட்டப்பட்ட குழந்தைகளைவிட மூச்சடைப்பு கூடுதலாக நேரவில்லை என்று தெரிந்தது. ஆனால் எவ்வகை உணவு தொண்டையில் சிக்கும் என்பதை அந்தப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிராக்கோலியோடு உணவு முடிந்துவிட்டால் இரும்பு வராது என்பது மட்டுமே என் கவலை. ஒரு கையில் காய் இருக்கட்டும். மறுபக்கம் நீங்கள் பருப்புச் சாதத்தை ஊட்டுங்கள்.

உப்பு வேண்டாம். ஒரு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி பாலிலும் மற்ற உணவிலும் இயல்பாகவே வந்துவிடும். இட்லி மாவில் உப்புக் கரைப்பதற்கு முன் குழந்தைக்கென ஒரு கரண்டி மாவைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துப் புளிக்க விடலாம். குளிர்காலத்தில் மாவு பொங்காது என்று விட்டுவிடாதீர்கள். ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தால் இரவுக்குள் புளித்துவிடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து பிறந்த நாளிலிருந்தே அங்கு பரிந்துரைக்கப்படுகிறது. நம் தோல் நிறத்துக்கும் அந்த ஊரின் வெயிலுக்கும் அது கட்டாயம் தேவை. திட உணவு தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டொரொண்டோவில் குடியேறிய குடும்பம் நாங்கள். மகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. என் அக்காவின் மகனுக்குக் கச்சான் (வேர்க்கடலை) ஒவ்வாமை இருப்பதால் அவன் அட்ரினலின் ஊசியைப் பையிலேயே வைத்திருக்கிறான். ஆகவே மூன்று வயது வரை கச்சானும் முட்டையும் மகளுக்குக் காட்டக்கூடாது என்று முடிவுசெய்திருந்தோம். இப்போது குடும்ப மருத்துவர், உடனே தொடங்குங்கள் என்கிறார். அம்மம்மாவோ, எங்கள் காலத்தில் கச்சானுக்கு யாருக்கு என்ன வந்தது என்று கேட்கிறார். சோறு தீத்தத் (ஊட்டத்) தொடங்குவதற்கே பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வது சரி, அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று தெரிந்தால் பயம் பாதியாகக் குறையும். உங்கள் அக்காவின் மகன் பிறந்த காலத்தில், ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்குக் கச்சானைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடும்படி மேலை நாட்டு மருத்துவர்களே சொல்லிவந்திருக்கலாம். பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பேராசிரியர் கிடியன் லாக் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். இஸ்ரேலில் குழந்தைகள் மிகச் சிறு வயதிலேயே கச்சான் கலந்த தின்பண்டத்தை உண்கிறார்கள். அங்குள்ள யூதக் குழந்தைகளைவிட, பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளிடம் கச்சான் ஒவ்வாமை ஏறத்தாழ பத்து மடங்கு கூடுதலாக இருந்தது. இதை முறையாகச் சோதிக்க, எக்ஸிமா என்னும் தோல் அழற்சி கடுமையாகவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை, நான்கு மாதத்துக்கும் பதினொரு மாதத்துக்கும் இடைப்பட்ட வயதில் சேர்த்து, ஒரு பாதியினருக்குக் கச்சானைத் தொடர்ந்து கொடுத்தும் மறுபாதியினருக்கு முற்றிலும் தவிர்த்தும் ஐந்து வயது வரை பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி, தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை வந்தது, உண்டவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கே வந்தது. தள்ளிப்போட்டதே தீங்காகியிருக்கிறது என்பது தெரிந்த பிறகு பல நாடுகள் தங்கள் அறிவுரையை மாற்றிக்கொண்டன.

ஆனால் உங்கள் மகளுக்குக் கடுமையான எக்ஸிமா இருந்தாலோ, முன்பே ஏதாவது உணவுக்குத் தடிப்பு வந்திருந்தாலோ, வீட்டில் தொடங்காமல் மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதனைக்குப் பின் தொடங்க வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், காய்ச்சலோ சளியோ இல்லாத ஒரு நாளில், மாலையில் அல்லாமல் காலையில், வீட்டில் இருவர் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். கச்சானை முழுதாகவோ உடைத்தோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஐந்து வயது வரை அது தொண்டையில் சிக்கும் பொருள். கட்டியில்லாத கச்சான் வெண்ணெய் இரண்டு சிறு கரண்டி எடுத்து, இளஞ்சூடான நீரில் கூழாகக் கரைத்து, கரண்டி நுனியளவு நாவில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் மீதியை மெல்லத் தீத்துங்கள். அடுத்த இரண்டு மணி நேரம் கண்ணருகே வைத்திருங்கள். வாயைச் சுற்றிச் சிறு சிவப்பு மட்டும் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள். உடலெங்கும் தடிப்பு, உதடு வீங்குதல், தொடர்ந்த வாந்தி, மூச்சில் இழுப்பு, திடீரெனத் துவண்டுபோதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காத்திராமல் 911 அழையுங்கள்.

ஒரு முறை கொடுத்து ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிட்டால் பயனில்லை. வாரத்தில் மூன்று நாளாவது இதே அளவு தொடர வேண்டும். அக்கா வீட்டுக்குப் போகும் நாளில் மட்டும் கொடுக்காமல் விட்டு, உங்கள் வீட்டில் கொடுத்த பிறகு கைகளையும் கிண்ணத்தையும் சோப்பால் கழுவிவிட்டால் அந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

முட்டையையும் இதேபோல், மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து முழுவதும் வேகவைத்து, மசித்துக் கொடுக்கலாம். மஞ்சள் கரு மட்டும் முதலில், வெள்ளை ஒரு வயதுக்கு மேல் என்ற பழைய முறைக்கு இப்போது இடமில்லை. மீனில் சுறாவைத் தவிர்த்துவிடுங்கள். தாய்க்குப் பால் சுரக்க நம் வீடுகளில் சுறாப் புட்டு செய்வது வழக்கம்தான். ஆனால் சுறா போன்ற பெரிய மீன்களின் தசையில் பாதரசம் சேர்ந்திருப்பதால் குழந்தைக்கும் பாலூட்டும் தாய்க்கும் அது ஏற்றதன்று. சாளை, சால்மன் ஆகியவை நல்லவை. முள் பார்த்து எடுங்கள். இரும்புள்ள உணவை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாவது கொடுக்கும்படி கனடாவின் சுகாதாரத் துறை சொல்வதையும் மறக்க வேண்டாம். அங்கு கடைகளில் கிடைக்கும் இரும்பு சேர்த்த குழந்தைத் தானிய மாவைக் குரக்கன் (கேழ்வரகு) கூழில் ஒரு கரண்டி கலந்துவிடுவது எளிய வழி.

அம்மம்மாவிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். முதல் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பது அவருடைய கைவேலை அல்லவா? சடங்கில் கொழுக்கட்டையைக் குழந்தையின் தலையில் கொட்டும்போது, குழந்தை கீழே விழுந்ததை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே வைக்கும் பயறும் தேங்காய்ச் சொட்டும் அந்த வயதுக்குக் கடினமானவை. அப்பம்மாக்களும் அம்மம்மாக்களும் தேநீரில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதையும் இப்போதே மென்மையாகத் தடுத்துவிடுங்கள். தேயிலை, உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாது.

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் இருக்கிறோம். சைவக் குடும்பம்; முட்டையும் உண்பதில்லை. மகளுக்கு எட்டு மாதம். மருத்துவர் காய்கறி, உருளைக்கிழங்கு, இறைச்சி சேர்த்த கூழைக் கொடுக்கச் சொல்கிறார். கும்பகோணத்திலிருந்து அம்மா, இருபது பொருள்கள் வறுத்து அரைத்த சத்து மாவும் முளைகட்டிய கேழ்வரகு மாவும் அனுப்பியிருக்கிறார். அவற்றை மூன்று வேளையும் கஞ்சியாகக் கொடுக்கிறேன். இறைச்சி இல்லாமல் குழந்தை வளராதா?

பதில்: வளரும், ஆனால் சைவக் குடும்பத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை மனம் நோகாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் அறிவுரையிலேயே சைவக் குழந்தைகளுக்கென ஒரு வழி இருக்கிறது. இறைச்சிக்குப் பதிலாக ஓட்ஸ் அல்லது சிறுதானியச் செதில்களைக் காய்கறி, உருளைக்கிழங்குக் கூழில் வேகவைத்து, கொஞ்சம் எண்ணெயும், வைட்டமின் சி உள்ள பழச்சாறும் சேர்க்கிறார்கள். நாம் அதில் வேகவைத்து மசித்த பாசிப்பருப்பையோ மசூர் பருப்பையோ சேர்த்தால் இன்னும் நிறைவு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, நாங்கள் சைவம், இந்தக் கூழின் சைவ வகையைக் கொடுக்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் வேறொன்றைக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. இரத்தத்தில் இரும்பு குறைகிறதா என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வராமலே போய்விடும்.

கேழ்வரகு மிக நல்ல தானியம். 100 கிராமில் 350 மில்லிகிராமுக்குச் சற்றே கூடுதலாகச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. எந்தத் தானியத்திலும் அவ்வளவு இல்லை. இரும்பு ஏறத்தாழ 4.6 மில்லிகிராம். ஆயினும் தானியத்தின் மேல்தோலில் இருக்கும் ஃபைட்டேட் என்னும் பொருள் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் ஃபைட்டேட் குறைகிறது என்பதால், உங்கள் அம்மா முளைகட்டி அனுப்பியது அறிவார்ந்த செயல். அதைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பாலில் கரைப்பதைவிட, நீரில் கெட்டியாகக் கிளறி, இறக்கியபின் மசித்த கொய்யாவோ கிவியோ ஆரஞ்சோ சேர்த்துக் கொடுத்தால் அந்த உழைப்புக்கு முழுப் பலன் கிடைக்கும்.

சத்து மாவின் மீது எனக்கு இரண்டு குறைகள் உண்டு. முந்திரி, பாதாம், வேர்க்கடலை, கோதுமை, எள் எல்லாம் ஒரே மாவில் இருக்கும்போது, குழந்தைக்குத் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்த பிறகு கலவையைக் கொடுக்கலாம். இன்னொன்று, மூன்று வேளையும் கஞ்சியே என்றால் குழந்தைக்கு மெல்லும் பழக்கம் வராது. காய், பழம், தயிர், பருப்பு ஆகியவற்றின் தனித்தனிச் சுவையும் தெரியாது. மாவு ஒரு வேளைக்கு இருக்கட்டும். மற்ற வேளைகளில் பருப்புச் சாதமும், கீரை மசியலும், உப்பில்லாத இட்லியும், மசித்த பன்னீரும் இருக்கட்டும்.

வைட்டமின் பி12 பற்றிச் சைவ வீடுகளில் போதுமான அளவு பேசுவதில்லை. தாவர உணவில் அது இல்லை. தாய்க்கே பி12 குறைவாக இருந்தால் தாய்ப்பாலிலும் குறைவாகவே இருக்கும். குழந்தை சோர்ந்துபோவதும், உட்காரக் கற்றது மறந்துபோவதும் அதனால் நேரலாம். நீங்கள் பாலும் தயிரும் போதுமான அளவு உண்கிறீர்களா என்பதைப் பாருங்கள்; உங்கள் இரத்தத்தில் பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தயிர் இப்போதே கொடுக்கலாம். சமையலில் பாலும் சேர்க்கலாம். ஆனால் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கான பால் பவுடருக்கோ பதிலாகப் பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பது ஒரு வயதுக்குப் பிறகுதான். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு.

அடுத்த முறை ஊரிலிருந்து யாராவது வரும்போது நெய்யைக் கொடுத்தனுப்ப வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால்பொருள்களைப் பெட்டியில் கொண்டுவர அனுமதி இல்லை. நல்ல வெண்ணெய் அங்கேயே கிடைக்கும், வீட்டில் உருக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: மெல்பர்னில் வேலை பார்க்கும் தந்தை நான். மகனுக்குப் பத்து மாதம். மூன்று மாத விசாவில் வந்திருக்கும் என் அம்மா இரண்டு வாரத்தில் ஊர் திரும்புகிறார். அவர்தான் உணவை மிக்சியில் நைசாக அரைத்து, கைபேசியில் பாட்டுப் போட்டு, மடியில் சாய்த்து ஊட்டுகிறார். சிறு கட்டி இருந்தாலும் மகன் ஓங்கரிக்கிறான்; உடனே எங்களுக்கு உயிரே போய்விடுகிறது. பிறந்ததும் அம்மா சொல்லித் தேனும் தொட்டு வைத்தோம், அதைப் பற்றியும் இப்போது பயமாக இருக்கிறது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும்போது காப்பகத்தில் எப்படி உண்பான்?

பதில்: தேன் கொடுத்துப் பல மாதங்கள் கடந்துவிட்டன, மகன் நலமாக இருப்பதால் அதற்காக இனி அஞ்ச வேண்டாம். ஒரு வயது முடியும்வரை மீண்டும் கொடுக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளரச் செய்யும். சமையலறையில் காய்ச்சுவதால் அந்த வித்துகள் சாவதில்லை. வசம்பு உரசிக் கொடுப்பதும் வேண்டாம். வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968-இலேயே தடைசெய்துவிட்டது.

ஓங்கரிப்பையும் மூச்சடைப்பையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் உங்கள் வீட்டின் நிலைமையே மாறும். ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், முகம் சிவக்கும், இருமும், நாக்கை நீட்டி உணவை முன்னே தள்ளும். அது குழந்தையின் உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முறை. அப்போது நீங்கள் அலறினால் அவன் அழுது, அழும்போது உள்ளே இழுத்துக்கொள்வான். மூச்சடைத்த குழந்தையிடம் சத்தம் வராது, அழ முடியாது, உதடு நீலமாகும். அப்போது 000 அழைக்கச் சொல்லிவிட்டு, குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தித் தலை தாழ்ந்திருக்குமாறு பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்த வேண்டும். மாறி மாறித் தொடர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவக்கூடாது. படித்துத் தெரிந்துகொள்வதோடு நில்லாமல், நீங்களும் மனைவியும் ஒரு முதலுதவி வகுப்புக்குப் போய்ப் பொம்மையில் செய்து பழகுங்கள். முழுத் திராட்சை, பொட்டுக்கடலை, முறுக்கு, மிக்சர், பாப்கார்ன், பச்சைக் கேரட் ஆகியவற்றை அவன் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள்.

மடியில் சாய்த்து ஊட்டுவதை இன்றே நிறுத்த வேண்டும். சாய்ந்த நிலையில்தான் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் வாய்ப்பு மிகுதி. நேராக உட்கார வைத்து, கால் ஊன்ற இடம் கொடுத்து, கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். முதல் மூன்று நாள் குறைவாக உண்பான். தாய்ப்பாலோ பால் பவுடரோ இருப்பதால் பட்டினி கிடக்க மாட்டான். ஒன்பது மாதத்துக்குப் பிறகும் கட்டியுள்ள உணவைப் பழகாத குழந்தைகள், வளர்ந்த பிறகு குறைந்த வகை உணவுகளையே உண்கிறார்கள் என்று இங்கிலாந்தில் நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று சொல்கிறது. இப்போது தொடங்கினால் தாமதம் இல்லை. காப்பகம் தொடங்கிய பிறகு தொடங்கினால், புதிய இடமும் புதிய உணவும் ஒரே நேரத்தில் அவன் மேல் விழும்.

அம்மா ஊருக்குக் கிளம்பும் முன் உள்ள இந்த இரண்டு வாரத்தை இதற்குப் பயன்படுத்துங்கள். மிக்சியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அம்மாவைத் தம் கையாலேயே சாதத்தைப் பிசைந்து ஊட்டச் சொல்லுங்கள். அவர் அதைத் தாமே முன்பு செய்தவர், மிக்சி பின்னால் வந்தது. முதல் இரண்டு நாள் நன்றாகக் குழையப் பிசையட்டும். மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு பிசை குறையட்டும். பக்கத்தில் வேகவைத்த முட்டையைச் சிறு சிறு துண்டுகளாக்கி, நசுக்கிய கொண்டைக்கடலையையும் கோழித் துணுக்குகளையும் அவனுக்கு முன்னே பரப்பி வையுங்கள். எடுத்தால் எடுக்கட்டும், எறிந்தால் எறியட்டும். ஒரு உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறை முன்னே வைக்க வேண்டியிருக்கும். இரண்டாம் முறையிலேயே, இவனுக்கு இது பிடிக்காது என்று எழுதிவைத்துவிடாதீர்கள்.

காப்பகத்தில் சேர்க்கும் முன், அங்கே என்னென்ன உணவு கொடுக்கிறார்கள் என்ற வாரப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள மென்மையான ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கு, சிறு பாஸ்தா ஆகியவற்றை வாரத்தில் இரண்டு நாள் உங்கள் வீட்டிலும் சமையுங்கள். பல காப்பகங்களில் கொட்டை வகை உணவு கொண்டுவர அனுமதி இல்லை. வேர்க்கடலை வீட்டில் மட்டும் இருக்கட்டும். இத்தனை மாதம் அரைத்த கூழில் இறைச்சியும் பருப்பும் எவ்வளவு இருந்தன என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மாதப் பரிசோதனைக்குப் போகும்போது தாய் சேய் நலச் செவிலியரிடம் அதைக் காட்டி, இரும்புக்கான இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.